சொன்னவருக்குக் காவல்

(திண்டுக்கல்லில் ஆலைத் தொழிலாளர்களும் வழக்கறிஞர்களும் மாணவர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தனியார் ஸ்தாபனம் ஒன்றில் கூலிக்கோ சம்பளத்துக்கோ வேலை செய்யும் ஒருவர், அந்த ஸ்தாபனத்தின் சுவர்களுக்குள் நடக்கும் அநீதியையோ, மோசடியையோ, ஊராரின் உயிருக்குக் கேடு விளைவிக்கும் காரியத்தையோ கண்டு, அதை உரிய இடத்தில் சொல்லிவிட்டால், சொன்னதன் பொருட்டு அவருடைய ஜீவனம் பறிபோகாதபடி நம் நாட்டுச் சட்டம் அவரைக் காக்கிறதா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள விஷயமாகும். இது மும்பையிலும் டெல்லியிலும் உள்ள பெரிய கம்பெனிகளின் கணக்கறைகளைப் பற்றிய பேச்சு என்றும், வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் நூற்பாலைக்கும் தையல் கம்பெனிக்கும் வேன் ஏறிப் போகும் பெண்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்றும் எண்ணுவோர் உண்டு. இந்த விஷயத்தில் உலகம் இன்று எடுத்துக்காட்டும் பெயர்களுள் ஒன்று திண்டுக்கல் என்பதை அவர்களுக்கு முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். அந்தப் பெயர் உலகத்துக்கு எட்டியதன் பின்னால் ஓர் இளம்பெண்ணின் சாவு இருக்கிறது. ஆகவே அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

2021ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் தொடக்க நாட்களில், திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நாச்சி அப்பேரல் என்னும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துவந்த தலித் பெண் ஒருவர், இருபது வயதையொட்டியவர், காணாமற்போய்ச் சில தினங்களுக்குப் பின்னர் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். அவர் வேலை செய்த இடத்துச் சூப்பர்வைசர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. பல மாதங்களாகவே அந்தப் பெண் தொல்லைக்கு ஆளாகியிருந்தார் என்பதும், அதைத் தடுத்து நிறுத்தும் வழி தனக்கு இல்லை என்று அவர் கருதியிருந்தார் என்பதும் குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் பிற்பாடு சொன்ன செய்தி. அவர் இறந்த பிறகுதான், அதே கூரையின் கீழ் வேலை செய்த வேறு பல பெண்கள், தங்களுக்கும் அத்தகைய அனுபவம் உண்டு என்று வாய் திறக்கத் துணிந்தார்கள்.

அந்தப் பெண் சொல்ல நினைத்திருந்தால் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும் என்பதை நாம் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். தையல் லைனில் உட்கார்ந்திருப்பவருக்கு மேலே சூப்பர்வைசர், அவருக்கு மேலே புளோர் மேனேஜர், அதற்கப்பால் எச்.ஆர். என்ற அறை. எவர்மீது முறையீடோ அவரே முதற்படியில் நிற்கிறார். இரண்டாம் படியில் இருப்பவருக்கு அன்றைய டார்கெட் முடிய வேண்டுமே என்ற கவலை. மூன்றாம் படிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் 'போட்டுக் கொடுத்தவள்' என்ற பெயர் லைன் முழுவதும் பரவிவிடும். மறுநாள் அவருக்குப் பழக்கமில்லாத மெஷின் தரப்படும். கழிப்பறைக்குப் போகும் நேரம் கணக்கெடுக்கப்படும். வேனில் அவருக்குப் பக்கத்தில் உட்காரவும் சிலர் தயங்குவார்கள். வேலையை விட்டு நீக்கும் உத்தரவு ஒன்றும் எழுதப்படாமலே, அவர் தாமாகவே நின்றுவிட்டார் என்று பதிவேட்டில் எழுதும் நாள் வந்துவிடும். சட்டம் படித்தவர்கள் பழிவாங்கல் என்றால் பணிநீக்க ஆணையைத்தான் தேடுகிறார்கள். ஆலைக்குள் அது பெரும்பாலும் காகிதத்துக்கே வருவதில்லை என்பதைத் தொழிலாளர்களாகிய நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

நம் வட்டாரத்து நூற்பாலைகளில் இன்னொரு விதமான வாய்ப்பூட்டும் வெகுகாலம் இருந்துவந்தது. சுமங்கலித் திட்டம் என்ற மங்கலமான பெயரில், கிராமத்துப் பெண்களை மூன்றாண்டுக் காலத்துக்கு ஆலை ஹாஸ்டலில் அமர்த்தி, காலம் முடிந்த பிறகு கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகையை மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள் அல்லவா? 2011இல் வெளிநாட்டு ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, குறைந்த கூலியையும் நீண்ட நேர வேலையையும் வெளியே போக விடாத கட்டுப்பாட்டையும் பற்றியே பலரும் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி முதலாளியின் கையிலேயே மூன்றாண்டு தங்கியிருக்கும்போது, அந்த மூன்றாண்டும் அவள் எதைக் கண்டாலும் கண்டதாகக் காட்டிக்கொள்ள முடியாது என்பதுதான். இரண்டரை ஆண்டு பொறுத்துவிட்டவள், மீதி ஆறு மாதத்தில் ஒரு வார்த்தை சொல்லி எல்லாவற்றையும் இழப்பாளா? பேசும் உரிமையைப் பற்றிச் சட்டம் எழுதுவோர், கூலியைப் பிடித்து வைக்கும் வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால், அவர்கள் எழுதும் சட்டம் நூற்பாலை ஹாஸ்டலின் வாசற்படியைத் தாண்டாது.

இனி, இருக்கும் சட்டங்களுக்கு வருவோம். முறைகேட்டை வெளிப்படுத்துவோரின் பாதுகாப்புக்கென்றே பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம் அது. அது இரத்தத்தில் பிறந்த சட்டம். தேசிய நெடுஞ்சாலை வேலைகளில் நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, 2003ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டாண்டுக்குப் பின், அதே நவம்பர் மாதத்தில், கலப்பட எரிபொருள் விற்ற பம்பின்மேல் நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், உத்தரப் பிரதேசத்து லக்கிம்பூர் கேரியில் கொல்லப்பட்டார். இத்தகைய சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2001ஆம் ஆண்டிலேயே தன் 179ஆவது அறிக்கையில் எழுதியிருந்தது. பதின்மூன்று ஆண்டும் இரண்டு உயிர்களும் கழிந்து வந்த சட்டம், இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. நடைமுறைக்கு வந்தாலும் அது அரசு ஊழியர்கள் செய்யும் ஊழலையும் அதிகாரத் துஷ்பிரயோகத்தையும் பற்றிய முறையீட்டுக்கே உரியது. தனியார் முதலாளியின் தவறை அவரிடம் வேலை செய்பவர் எடுத்துச் சொன்னால், இந்தச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை.

தனியாருக்கு இருப்பது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அதன் 177ஆவது பிரிவு, பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகளும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறும் கம்பெனிகளும், வங்கிகளிலும் பொது நிதி நிறுவனங்களிலும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் பெற்ற கம்பெனிகளும், ஊழியர்களும் இயக்குநர்களும் தங்கள் உண்மையான கவலைகளைத் தெரிவிக்க ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்றும், தெரிவித்தவர் பழிவாங்கப்படாமல் இருக்கப் போதிய காப்பு வேண்டும் என்றும், தக்க சந்தர்ப்பங்களில் தணிக்கைக் குழுத் தலைவரையே அவர் நேரில் அணுக வழி வேண்டும் என்றும் சொல்கிறது. நூற்பாலைத் தொழில் கடனில் நடக்கும் தொழிலாகையால், நம் பக்கத்துப் பெரிய ஆலைகளிற் சில இந்தக் கடன் வரம்பைத் தாண்டியே இருக்கக்கூடும். அப்படியானால் அங்கேயும் இந்த ஏற்பாடு இருந்தாக வேண்டும். அது இணையதளத்தில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும் கொள்கை அறிக்கையாக இருப்பதற்கும், ரிங் பிரேம் நூற்பு மெஷினில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்குத் தெரிந்த ஒரு வழியாக இருப்பதற்கும் உள்ள தூரத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. காப்பு வேண்டும் என்று சொன்ன சட்டம், அந்தக் காப்பை மீறிப் பழிவாங்கப்பட்டவர் எங்கே போய் வேலையைத் திரும்பக் கேட்பது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. கம்பெனியின் காதையும் கம்பெனியே நியமிக்கிறது, கம்பெனியின் மனச்சாட்சியையும் கம்பெனியே நியமிக்கிறது. இதை ஊழியருக்கு அளித்த பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அதே சட்டத்தில், அதிகம் பேர் கவனியாத 218ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. அதில்தான் எனக்குச் சிறிது வெளிச்சம் தெரிகிறது. ஒரு கம்பெனியின் விவகாரங்களைப் பற்றிச் சட்டப்படி புலன்விசாரணை நடந்துகொண்டிருக்கும் காலத்தில், ஓர் ஊழியரை நீக்கவோ, தற்காலிகமாக நிறுத்தி வைக்கவோ, அவருக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றவோ அந்தக் கம்பெனி கருதுமானால், தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் அனுமதியைப் பெற்றாக வேண்டும். முதலில் தண்டித்துவிட்டுப் பிறகு நியாயம் கேட்டு அலையும்படி ஊழியரை விடாமல், தண்டிக்க விரும்புகிறவரையே நியாயஸ்தலத்துக்கு வரச்செய்யும் முறை இது. முப்பது நாட்களுக்குள் தீர்ப்பாயம் பதில் சொல்லாவிட்டால் கம்பெனி தன் எண்ணப்படி நடக்கலாம் என்றும், அரசு விசாரணை தொடங்கிய பிறகே இந்தக் காப்பு கிடைக்கும் என்றும் வரையறுத்ததால் இதன் பலம் பெரிதும் குறைந்துவிட்டது. விசாரணை தொடங்குவதற்கே யாராவது ஒருவர் முதலில் சொல்லியிருக்க வேண்டுமே. அந்த முதல் ஆளை இந்தப் பிரிவு கவனிக்கவில்லை.

முதலில் அனுமதி, பிறகே நடவடிக்கை என்பது நம் தொழிற்சட்டத்துக்குப் புதியதும் அன்று. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சமரசப் பேச்சோ வழக்கோ நடக்கும் காலத்தில், அந்தத் தகராறு சம்பந்தமாகத் தொழிலாளியை நீக்குவதானால் அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்று விதித்தது. சங்க நிர்வாகிகளுள் ஒரு பகுதியினரைப் பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்கள் என்று வகுத்து, ஆலையின் மொத்தத் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஒருவர் வீதம், ஐவருக்குக் குறையாமலும் நூறு பேருக்கு மேற்படாமலும், அவர்களுக்குக் கூடுதலான காப்பும் அளித்தது. அதன் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் இந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. ஆக, சங்கத்துக்காகப் பேசுகிறவரைக் காக்கத் தெரிந்த நம் சட்டம், ஊருக்காகப் பேசுகிறவரைக் காக்க மட்டும் ஏன் தெரியாமல் நிற்க வேண்டும்?

பணமுள்ள இடத்தில் சட்டம் வேகமாகவே நகர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியார் வங்கி ஊழியர்களின் முறையீட்டுக்காக ரிசர்வ் வங்கி 2007இலேயே ஒரு திட்டம் வகுத்தது. உள்விவரம் அறிந்து பங்கு வியாபாரம் செய்வோரைப் பற்றித் தகவல் தருவோருக்கு வெகுமதியும் காப்பும் உண்டு என்று பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி 2019இல் விதி செய்து, வெகுமதியின் உச்சவரம்பை ஒரு கோடியிலிருந்து பத்துக் கோடியாகவும் பிற்பாடு உயர்த்தியது. வைப்புதாரருக்கும் பங்குதாரருக்கும் நேரும் நஷ்டத்தைப் பற்றிச் சொல்பவருக்கு வழி கிடைத்துவிட்டது. தொழிலாளியின் உடலுக்கும் ஊராரின் குடிநீருக்கும் நேரும் நஷ்டத்தைப் பற்றிச் சொல்பவருக்கு அந்த வழி இல்லை.

படித்தவர்களும் உயர் பதவியில் இருந்தவர்களும் பட்ட பாட்டைப் பாருங்கள். 2008 டிசம்பரில், சத்யம் கம்பெனியின் இயக்குநர் ஒருவருக்கு, ஜோசப் ஆபிரகாம் என்ற புனைபெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சில வாரங்களில், 2009 ஜனவரி 7ஆம் நாள், கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, வங்கியில் இருப்பதாகக் காட்டிய தொகையில் 5,040 கோடி ரூபாய் பொய்க் கணக்கு என்று தம் கைப்படவே ஒப்புக்கொண்டார். நாட்டையே அதிரவைத்த உண்மையைத் தெரிந்து வைத்திருந்த மனிதர் தம் சொந்தப் பெயரில் அதை எழுத முடியவில்லை. ரான்பாக்ஸி மருந்துக் கம்பெனியில் பரிசோதனை விவரங்கள் பொய்யாகத் தயாரிக்கப்பட்டதைக் கண்டறிந்த தினேஷ் தாக்கூர், 2005இல் வேலையை விட்டு விலகி, அமெரிக்க அதிகாரிகளிடம் போனார். எட்டாண்டு கழித்து, 2013 மே மாதத்தில், அந்தக் கம்பெனியின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டு, வழக்குகளைத் தீர்க்க ஐம்பது கோடி டாலர் கட்டியது. தாக்கூருக்கு அமெரிக்கச் சட்டப்படி ஒரு பங்கு வெகுமதியாகக் கிடைத்தது. இந்தியாவில் பிறந்தவர் ஒருவர், இந்தியக் கம்பெனியின் குற்றத்தை, இந்தியாவில் இருந்தபடி கண்டுபிடித்து, நியாயத்துக்காக வேறொரு நாட்டின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அந்த மாத்திரைகளை விழுங்கியவர்களில் நம் நாட்டு நோயாளிகளும் இருந்தார்கள் அல்லவா?

நம் மாவட்டத்துக்கே திரும்புவோம். மேலே கோடைக்கானலில், அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்து வரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980களில் தொடங்கப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வசமாயிற்று. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைகண்ணாடி டன்கணக்கில் மூஞ்சிக்கல்லில் உள்ள பழைய சாமான் கிடங்கில் கிடப்பதை ஊராரும் சுற்றுச்சூழல் ஊழியர்களும் வெளிக்கொண்டு வந்த பிறகே ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் உடல்நலக் கேட்டுக்காக நீதிமன்றம் ஏறி, 591 பேருக்கான உடன்பாட்டை எட்டியது 2016இல். உள்ளே பாதரசத்தைக் கையாண்டவர்களுக்கு அது என்ன பொருள் என்றே சரிவரச் சொல்லப்படவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. அந்தக் கண்ணாடிச் சில்லுகளை மூட்டை கட்டியவரும் லாரியில் ஏற்றியவரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அபாயமும் சொல்லப்பட்டு, பேசினால் வேலை போகாது என்ற உறுதியும் இருந்திருக்குமானால், மலையும் ஏரியும் எத்தனை ஆண்டுக்கு முன்பே காப்பாற்றப்பட்டிருக்கும்!

சமவெளியிலும் இதே கதைதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பதினாயிரம் ரூபாய் அபராதம் விதித்தபோது, அந்தத் தீர்ப்பில் பெயர் குறிப்பிடப்பட்ட ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. தோல் ஷாப்பின் கழிவுநீர் எந்தக் குழாய் வழியாக, எந்த நேரத்தில் திறந்துவிடப்படுகிறது என்பதை எந்த அதிகாரியும் அறிவதற்கு முன், திறந்துவிடும் கை அறிந்திருக்கும். குடகனாற்றுப் படுகையில் கிணறு வைத்திருக்கும் விவசாயிக்கு அந்தக் கையே முதல் காவலாளியாக இருந்திருக்கக்கூடும். தொழிலாளியின் வாயை அடைத்தால் தொழிலாளி மட்டும் நஷ்டமடைவதில்லை என்று நான் சொல்வதற்கு இந்த ஊரின் உப்புக் கரிக்கும் கிணறுகளே சாட்சி.

இப்போது, சட்டம் செய்யாததை ஓர் ஒப்பந்தம் செய்துகாட்டிய வரலாற்றுக்கு வருகிறேன். நாச்சி அப்பேரல் பெண்ணின் சாவுக்குப் பின், டி.டி.சி.யூ. என்று அழைக்கப்படும், பெண்கள் தலைமையில், பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்டு இயங்கும் தொழிற்சங்கம் ஒன்று, திவ்ய ராகினி என்பவரின் தலைமையில், துக்கத்தைத் துக்கமாகவே விட்டுவிடாமல் போராடிற்று. ஆசிய அடித்தள ஊதியக் கூட்டணியும், அமெரிக்காவில் இயங்கும் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் துணைநிற்க, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நாச்சி அப்பேரலின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அங்கே துணி வாங்கும் எச் அண்டு எம் நிறுவனமும், பின்னர் கேப், பி.வி.எச். என்ற நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. திண்டுக்கல் உடன்படிக்கை என்றே அதற்குப் பெயர். ஆடைத் தொழிலில், வாங்கும் கம்பெனிகளையும் சட்டப்படி பிணைத்து, பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஆசியாவில் ஏற்பட்ட முதல் உடன்படிக்கை அது. நூற்பாலையையும் உள்ளடக்கிய வகையில் உலகத்துக்கே முதலாவது.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். சங்கம் தேர்ந்து பயிற்சி அளித்த பெண் தொழிலாளர்களே தளக் கண்காணிப்பாளர்களாக லைன்களுக்கிடையே இருப்பார்கள், பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம் தங்கை தன் பாஷையில் சொல்லலாம், எச்.ஆர். அறையின் கதவைத் தட்டத் தேவையில்லை. அங்கே தீராவிட்டால், நிர்வாகத்தின் கைக்கு வெளியே உள்ள சுதந்திரமான விசாரணையாளரிடம் போகலாம். முறையிட்டவர் மீதும் சாட்சி சொன்னவர் மீதும் பழிவாங்கல் கூடாது என்பது வெறும் உபதேசமாக நிற்கவில்லை. ஆலை தன் கடமையை மீறினால், வாங்கும் கம்பெனிகள் அதன்மேல் வியாபார ரீதியான நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவை. முதலாளிக்கு ஆர்டர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அறிந்தவர்கள் எழுதிய வாசகம் அது. முன்பும் இந்தக் கம்பெனிகள் ஆடிட் என்ற பெயரில் ஆட்களை அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. ஆடிட் வருகிற நாளில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே பாடம் நடத்தப்படும் வழக்கத்தை ஆலைகளில் வேலை செய்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு நாள் வந்து போகிற அந்நியரிடம் சொல்லாத உண்மையை, தினமும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிற தோழியிடம் சொல்வது மனித இயற்கை.

முதல் ஆண்டு அறிக்கை வெளிவந்தபோது, 185 முறையீடுகள் வந்திருந்தன என்றும், அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தீர்க்கப்பட்டன என்றும் தெரிந்தது. 185 என்ற எண்ணைக் கேட்டு, அந்த ஆலை மோசமாகிவிட்டது என்று நினைப்பவர் இருக்கலாம். முறையீடே இல்லாத ஆலையின் பூஜ்யத்தைவிட இந்த 185இல் எனக்கு நம்பிக்கை அதிகம். வேறொரு செய்தியையும் முதலாளிகள் கவனிக்க வேண்டுகிறேன். 2022 ஜூலை இறுதியில், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருந்தன என்று சொல்லி, நாச்சி அப்பேரலின் சரக்கை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்து நிறுத்திற்று. செப்டம்பர் மாதத்திலேயே அந்தத் தடை விலக்கப்பட்டது. ஆலைக்குள் ஏற்பட்டிருந்த மாறுதலுக்குச் சாட்சி சொல்ல, நிர்வாகத்தைச் சாராத ஒரு சங்கமும் ஓர் ஏற்பாடும் அப்போது அங்கே இருந்தன. தொழிலாளியின் வாய் திறந்திருப்பது ஆலைக்கும் நன்மை தரும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் வேண்டியதில்லை.

எனினும், ஒப்பந்தம் என்பது கையெழுத்திட்டவர்களையே கட்டும். ஐயாயிரத்துக்குச் சற்று அதிகமான தொழிலாளர்களுக்கு அது குடையாயிற்று. மதில் தாண்டி அடுத்த ஆலையில் வேலை செய்பவர் மழையில்தான் நிற்கிறார். உள்நாட்டுச் சந்தைக்கு நூல் நூற்கும் ஆலைக்கு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆர்டர் என்ற கயிறே கிடையாது. வாங்குவோரின் மனம் மாறினால், அல்லது அவர்கள் வேறு தேசத்துக்குப் போய்விட்டால், அந்தக் காப்பும் கூடவே போய்விடும். பிரஜைகளுக்கு அரசு தர வேண்டிய பாதுகாப்பை, சட்டை வாங்கும் ஒரு கம்பெனியின் தயவில் விட்டுவைப்பது சுதந்திர நாட்டுக்கு அழகன்று.

பிற தேசங்கள் இதைச் சட்டமாகவே செய்திருக்கின்றன. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில், உண்மையை வெளியிட்டதற்காக நீக்கப்பட்டவர், ஏழு நாட்களுக்குள் மனுச்செய்தால், வழக்கு முடியும்வரை சம்பளம் தொடர்ந்து கிடைக்கும்படி இடைக்கால நிவாரணம் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணை, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களையும் கட்டுவது. முறையிட்டவருக்குப் பிற்பாடு கெடுதல் நேர்ந்தால், அது பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை முதலாளியின் மேலேயே வைக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஏழைக்குச் சட்டம் பயன்படும். மூன்று மாதம் சம்பளமில்லாவிட்டால் வட்டிக்காரன் வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு, ஐந்தாண்டுக்குப் பிறகு வரும் தீர்ப்பு எத்தனை நியாயமானதாக இருந்தாலும் என்ன பிரயோஜனம்? முதலாளி ஏன் நீக்கினார் என்பதற்கான காகிதமெல்லாம் முதலாளியின் அலமாரியிலேயே இருக்கும்போது, தொழிலாளி எதைக் கொண்டு நிரூபிப்பார்?

பொய்ப் புகார்கள் பெருகிவிடும், சோம்பேறிகள் இதைக் கேடயமாக்கிக்கொள்வார்கள் என்று ஆலை நிர்வாகிகள் சொல்வதை நான் அலட்சியம் செய்யவில்லை. பொய்யென்று அறிந்தே ஒருவர்மேல் பழி சுமத்துகிறவருக்குத் தண்டனை இருக்கட்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இரண்டாண்டுவரை சிறை விதித்திருக்கிறது. ஆனால் நிரூபிக்கப்படாத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. இந்த வித்தியாசத்தைச் சட்டம் தெளிவாக எழுதாவிட்டால், சாட்சி கிடைக்காத ஒவ்வொரு பெண்ணும் பொய் சொன்னவளாக நிற்க நேரிடும். 2013ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்கிறது. அந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

டெல்லி எழுந்திருக்கும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தொழிலாளர் நலம் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடத்தில் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றுக்கொண்டால் போதும். இருபத்துநான்கு மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981இல் தனிச்சட்டம் செய்த மாநிலம் இது. ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நிற்கும் பெண்ணுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்திய மாநிலமும் இதுவே. உட்காரும் உரிமையைத் தந்த சட்டமன்றம், பேசும் உரிமையையும் தரலாம்.

அப்படி ஒரு மசோதா வருமானால் அதில் இருக்க வேண்டியவற்றைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லி அமர்கிறேன். முறையீடு செய்த நாளிலிருந்து ஓராண்டுக் காலம், அந்தத் தொழிலாளியை நீக்கவோ இடம் மாற்றவோ ஷிப்டை மாற்றவோ விரும்பும் முதலாளி, முன் அனுமதி பெற்றாக வேண்டும். அதிகாரி பதில் சொல்லாமல் காலம் கடத்தினால் அனுமதி மறுக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். காண்டிராக்ட்காரர் மூலம் வந்தவரும், பயிற்சித் தொழிலாளி என்று பெயர் கொடுக்கப்பட்டவரும் இந்தக் காப்பில் அடங்க வேண்டும். ஏனென்றால் சூதான முதலாளி நீக்குவதில்லை, காண்டிராக்டரிடம் 'நாளையிலிருந்து அந்தப் பொண்ணை அனுப்பாதே' என்று மட்டும் சொல்கிறார். ஹாஸ்டலில் இருப்பவரை வேலையோடு இருப்பிடத்திலிருந்தும் வெளியேற்ற முடியாதபடி தடை வேண்டும். முறையிட்டவரின் பெயரை இன்ஸ்பெக்டர் வெளியிடக்கூடாது என்பது 1949இல் இந்தியா ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதை மீறுகிற அதிகாரிக்கும் தண்டனை எழுதப்பட வேண்டும். முறையீட்டை வாங்குவதற்கென்று மாவட்டத் தலைநகரில், ஆலை நிர்வாகத்தோடும் முதலாளிகளின் சங்கத்தோடும் சம்பந்தமில்லாத ஓர் அதிகாரி, ஷிப்ட் முடியும் நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அலுவலகம் திறந்து உட்கார வேண்டும். நம் பெண்கள் இருந்த ஹாஸ்டல் அறைகளில் இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெண்கள் இருக்கிறார்கள். தமிழ் எழுத்துத் தெரியாத அவர்களின் முறையீட்டை, அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, திரும்பப் படித்துக்காட்டி, அத்தாட்சி நகல் ஒன்றை அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பும் கடமையையும் அந்த அதிகாரியின் மேல் மசோதா சுமத்தியாக வேண்டும்.